நாலு விரல் எழுத்தும் அரைச் சிறகும்

என் மேசைக்கு மேலே சுவரில் ஒட்டியிருக்கும் 'யூ' என்ற நீல எழுத்தைப் பற்றி, நீங்கள் நான்கு பேரும் வேலைக்கு வந்த நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். ஒருவர் அது கண் பரிசோதனைக்கு என்றார். இன்னொருவர் அது ஆங்கில 'யூ' என்றார். அந்தக் கதிரையில் உட்காரும் ஆளைப் பார்த்து "நீதான்" என்று சொல்வதற்காம். எழுத்துக்கு அடியில் பென்சிலால் 'நாலு' என்றும், அதற்குப் பக்கத்தில் 'அஞ்சு' என்றும் ஏன் எழுதியிருக்கிறது என்பது மட்டும் ஒருவருக்கும் பிடிபடவில்லை.

போன மாதத்தோடு நான் ஓய்வு பெற்றுவிட்டேன். கதிரை இப்போது உங்களில் ஒருவருடையது. சுவருக்குப் பூச்சு அடிக்கும்போது அந்தக் காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிடுவீர்களோ என்ற பயத்தில்தான் இதை எழுதுகிறேன்.

நமது வேலையை வெளியில் சொன்னால் சிரிப்பார்கள். வாவியில் வலை போடுகிறவர்கள், வட்டை என்று நாங்கள் சொல்லும் வயல்வெளியில் அறுவடை செய்கிறவர்கள், பாலத்தில் காற்று வாங்க நிற்கிறவர்கள் எல்லோரும் பறவையைக் கைபேசியில் பிடித்து அனுப்புகிறார்கள். எது, எங்கே, எப்போது என்று நாம் பதிவேட்டில் எழுதுகிறோம். அதில் முழுப் பறவை இருக்கும் படம் மிகக் குறைவு. வால் இருக்கும், ஆள் போயிருப்பார். தண்ணீருக்குள் நிற்கும் கண்ணா மரத்தின் வேர்களுக்கு நடுவே ஒரு கால் மட்டும் தெரியும். ஒருமுறை உன்னிச்சைக் குளத்திலிருந்து வந்த படத்தில் முக்கால் பங்கு அனுப்பியவரின் கட்டைவிரல். மீதி வானம். வானத்தின் மூலையில் கறுப்பாக ஒரு நுனி. "இது என்ன பறவை?" என்று கேட்டிருந்தார். விரல் யாருடையது என்பதை மட்டும்தான் என்னால் நிச்சயமாகச் சொல்ல முடிந்தது.

நம் படிவத்தின் கடைசிக் கட்டத்தில் மூன்று சொற்கள் இருக்கின்றன: நிச்சயம், அநேகமாக, சொல்ல முடியாது. பறவையின் பெயரை எழுதிவிட்டு இந்த மூன்றில் ஒன்றைக் கோடிட வேண்டும். பெயர்களைப் படித்து மனப்பாடம் செய்துவிடலாம். இந்த மூன்று சொற்களோடு சீவிப்பதுதான் கஷ்டம். என் கதையே அதில்தான் இருக்கிறது.

நான் தன்னாமுனைக்காரன். படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றது. பள்ளிக்கூடத்தை அகதி முகாம் ஆக்கினார்கள். நாங்களே அதில் அகதிகளாகப் போய் இருந்தோம். எங்களுக்குக் கிடைத்தது எட்டாம் வகுப்பு அறை. மாதக்கணக்கில் அதிலேயே சமைத்து, அதிலேயே படுத்தோம். அப்படிப் பார்த்தால் எட்டாம் வகுப்பில் என்னளவு நேரம் இருந்தவன் ஒருவனும் இல்லை. பிறகு எனக்கு ஓர் இடத்தில் ஒரு வருடம் இருந்தாலே கால் அரிக்கத் தொடங்கிவிடும். உன்னிச்சையில் உர லொறியில் மூட்டை இறக்கினேன். ஏறாவூரில் கோழி உரித்தேன். கட்டாரில் கட்டடத்துக்குக் கம்பி கட்டினேன். அங்கே ஒரு விரலின் நுனியை விட்டுவிட்டு ஊருக்கு வந்து வாவியில் தோணி தள்ளினேன்.

இந்த அலுவலகத்துக்கும் தோணிக்காரனாகத்தான் வந்தேன். ஒருநாள் தோணியில் இருந்த படித்தவர்கள் ஒரு காலின் படத்தை வைத்துக்கொண்டு இது தாராவா, அதாவது வாத்தா, வேறு எதுவுமா என்று நெடுநேரம் வாதாடினார்கள். நான் கோலை ஊன்றிவிட்டு எட்டிப் பார்த்தேன். "நாலு விரலையும் சேர்த்துத் தோல் இரிக்கு. தாராவுக்கு மூணு விரலுக்குத்தான் தோல். இது நீர்க்காகம்" என்றேன். அடுத்த கிழமை மேசையில் உட்கார வைத்தார்கள்.

மேசையில் உட்கார்ந்த பிறகு ஒரு விஷயம் புரிந்தது. பட்டதாரி ஒருவர் 'சொல்ல முடியாது' என்று கோடிட்டால் கவனமான ஆள் என்பார்கள். நான் கோடிட்டால், பாவம், படிக்காதவன், தெரியவில்லை என்பார்கள். ஆகவே அந்த மூன்றாவது சொல்லின் பக்கமே நான் போவதில்லை. என் படிவங்களில் எல்லாம் 'நிச்சயம்' நிமிர்ந்து நிற்கும்.

முதல் அடி தன்னாமுனையில் இருந்தே வந்தது. அங்கே ஓய்வு பெற்ற பள்ளிக்கூட அதிபர் ஒருவர் இருக்கிறார். கைபேசிச் செய்தியைக்கூட இலக்கணம் பிசகாமல் எழுதுவார். பறவைகளை 'அது' என்று சொல்ல மாட்டார், எல்லாம் 'அவன்'தான். ஒரு காலையில் கண்ணா மரத்தின் இலைகளும், இலைகளுக்கு நடுவே நீளமான ஒரு மூக்கின் நுனியுமாகப் படம் வந்தது. அடியில் ஒரே ஒரு வரி: "கண்ணாவுக்குள் உள்ளான்."

உள்ளான் என்றால் உங்களுக்குத் தெரியும், சேற்றில் கொத்திக்கொண்டு ஓடித் திரியும் நீள மூக்குச் சின்னப் பறவை. மூக்கும் நீளமாகத்தான் இருந்தது. 'உள்ளான், நிச்சயம்' என்று கோடிட்டு, "ஓம் சேர், உள்ளான்தான்" என்று அவருக்குப் பதிலும் போட்டேன். உடனே அழைப்பு வந்தது.

"தம்பி, உள்ளான் எண்டு நான்தானே உனக்குச் சொன்னன்?"

"ஓம் சேர். சரியாத்தான் சொல்லியிரிக்கீங்க."

"உள்ளுக்க இரிக்கிறான் எண்டு சொன்னன். ஆர் எண்டு சொல்லத்தானே உனக்குச் சம்பளம் தாறாங்க!"

திரும்பப் பார்த்தேன். மீன்கொத்தியின் மூக்கு. அது உள்ளானின் மூக்கைவிட எத்தனை தடிப்பு! அந்த ஒரு வரியைப் படிக்காமல் பார்த்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டே சொல்லியிருப்பேன். அன்றிலிருந்து ஒரு பழக்கம் வைத்தேன். படம் வந்தால் அடியில் இருக்கும் எழுத்தை இடது கையால் மூடிவிடுவேன். படத்தைப் பார்த்து முடித்த பிறகுதான் கையை எடுப்பேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். எழுதுகிறவர்கள் பொய் சொல்வதில்லை. ஆனால் தாங்கள் கண்டதைத்தான் எழுதுவார்கள். படத்தில் இருப்பது வேறாக இருக்கும்.

இந்தத் தொழிலில் என் குரு ஒரு காக்கா. சிரிக்க வேண்டாம். ஏறாவூரில் அண்ணனைக் காக்கா என்பார்கள். நான் வேலை செய்த கோழிக்கடையின் முதலாளி அவர். உயிருள்ள பறவையை விட வெட்டின துண்டுகளைத்தான் அவர் வாழ்நாளில் அதிகம் பார்த்திருப்பார். ஒரு வெள்ளிக்கிழமை, பள்ளிவாசலுக்குப் போகும் நேரம், கடை நிறைய ஆட்கள். ஒரு தாய் கறிப் பையோடு வந்து நின்றார். தான் காட்டிய சேவலை வெட்டாமல் வேறு எதையோ வெட்டித் தந்துவிட்டார்கள் என்றார். நான் முந்திக்கொண்டு, "இல்ல உம்மா, அது நீங்க காட்டின சேவல்தான்" என்றேன்.

காக்கா கத்தியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "நீ கண்டியா?"

"இல்ல காக்கா, நம்மட கடையிலதானே…"

"கண்டியாண்டு கேட்டன். காணாததுக்கு என்னத்துக்குடா நாக்க நீட்டுற?"

பையிலிருந்து ஒரு காலை எடுத்தார். தன் கட்டைவிரலை அதன் பக்கத்தில் வைத்தார். அவ்வளவுதான். "அந்தச் சேவலுட கால் என்ட விரலளவு மொத்தம். இது அவ்வளவு காணாது. நான்தான் மாத்திப்போட்டன் உம்மா, மன்னிச்சுக்குங்க" என்றார், கடை நிறைந்த ஆட்களுக்கு முன்னால். வேறு சேவலை அந்தத் தாயின் கண் முன்னாலேயே வெட்டிக் கொடுத்தார். அவர் போன பிறகு என்னிடம், "துண்டக் கண்டா உடன பேர் சொல்லாத மனே. பக்கத்துல தெரிஞ்ச சாமான் ஒண்ட வெச்சுப் பாரு. தனியக் கிடக்கிற துண்டு எல்லாத்த மாதிரியும்தான் இரிக்கும்" என்றார்.

சரி, இனி அந்த எழுத்துக்கு வருகிறேன்.

அன்று புதன்கிழமை. வனவிலங்கு அதிகாரி ஒருவர் தொலைபேசியில் வந்தார்.

"அண்ணன், முகப்புத்தகத்தில ஒரு படம் ஓடுது. வாவியில காட்டுத் தாரா பிடிச்சுச் சாக்கில கட்டிக்கொண்டு போறாவாம் ஒரு பொம்பிள. தேற்றாத்தீவு ஆள். ஊரே திட்டுது. படத்த அனுப்புறன், என்ன சாதித் தாரா எண்டு சொல்லுங்க."

படத்தின் அடியில் இருக்கும் எழுத்தைக் கையால் மூடலாம். காதில் விழுந்ததை எதைக் கொண்டு மூடுவது? படம் வந்து சேருமுன்பே என் தலைக்குள் ஒரு காட்டுத் தாரா வந்து உட்கார்ந்துவிட்டது.

ஓடும் வாகனத்திலிருந்து எடுத்த படம். சைக்கிளின் பின்பக்கம், ஒரு பெண்ணின் முழங்கை, கரியரில் குறுக்கே கட்டிய வெள்ளைச் சாக்கு. சாக்கின் கிழிசலால் வெளியே தள்ளிக்கொண்டு அரைச் சிறகு. கறுப்பில் பச்சை மினுக்கம், அதை ஒட்டி வெள்ளைப் பட்டை. சிறகின் பக்கத்தில், சாக்கில், ஏதோ நீலக் கறை. தலை இல்லை, கால் இல்லை, மூக்கு இல்லை.

"குள்ளத்தாரா" என்றேன். குளங்களில் தாமரை இலைகளுக்கு நடுவே திரியுமே, புறாவைவிடக் கொஞ்சம் பெரிதான அந்தக் காட்டுத் தாரா. அதன் ஆணுக்குச் சிறகு பச்சையும் வெள்ளையுமாக இருக்கும்.

இப்போது உங்களுக்கெல்லாம் மூத்தவராக இருக்கும் ஷிபானா அப்போது வேலைக்கு வந்து மூன்று மாதம். காத்தான்குடிப் பிள்ளை, விலங்கியல் பட்டதாரி. என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தார்.

"எவ்வளவு பெரிசு எண்டு தெரியுதா அங்கிள்? பக்கத்துல அளவுக்கு ஒண்டும் இல்லயே."

"பச்சைக்குப் பக்கத்துல வெள்ளை. இதுக்கு மேல அது வந்து தன்ட பேரையும் எழுதித் தரணுமா மகள்?"

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். நான் 'நிச்சயம்' என்று கோடிட்டுக் கையெழுத்து வைத்து அனுப்பினேன். குடித்துக்கொண்டிருந்த தேநீர்கூட ஆறவில்லை.

வெள்ளிக்கிழமை காலை அலுவலக வாசலில் சைக்கிள் ஒன்று வந்து நின்றது. நாற்பது வயதளவில் ஒரு பெண், கையில் உரச் சாக்கை வெட்டித் தைத்த பை. உள்ளே வந்து எல்லோரையும் ஒருமுறை பார்த்தார்.

"என்ட தாராவுக்குச் சாதி எழுதின ஐயா ஆரு?"

எழுந்து நின்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீங்களா? ஆளப் பார்த்தா படிச்ச ஆள் மாதிரி இல்லயே."

"படிக்கல்ல தங்கச்சி."

"அதானே பார்த்தன். படிச்ச ஆக்கள் இவ்வளவு நிச்சயமா எழுதமாட்டாங்க."

அவர் பெயர் புவனம். தாரா வளர்த்துத்தான் குடும்பம் நடக்கிறது. அறுவடை முடிந்த வட்டையில் தாராக்களை இறக்கிவிட்டால் சிந்திய நெல்லைத் தின்று வளரும். அன்று சைக்கிளில் போனது, காத்தான்குடியில் ஒரு கலியாண வீட்டுக்கு. முகத்தில் சிவப்புச் சதை முளைத்த பெரிய கறுத்தத் தாரா நான்கு. அந்தச் சாதியில் அவரிடம் இருந்ததே அந்த நான்குதான். கலியாண வீட்டில் சமைத்துத் தின்று, இறகையும் எரித்தாகிவிட்டது. மிச்சம் அந்தப் படம் மட்டும்.

"அதிகாரி ஐயா சாக்குக்குள்ள என்ன இரிந்த எண்டு கேட்டார். தாரா எண்டன். நான் என்னத்துக்கு ஒளிக்க? அவர் 'ஒத்துக்கிட்டா' எண்டு எழுதிட்டார்."

வீட்டில் வளர்ப்பதும் நமக்குத் தாரா, குளத்தில் தானாகத் திரிவதும் தாரா. ஒரே சொல்லைச் சொல்லி அவர் வளர்ப்புத் தாராவை விற்றார். ஒரே சொல்லைக் கேட்டு அவர்கள் காட்டுத் தாராவை எழுதினார்கள். நடுவில் என் 'நிச்சயம்'.

"வழக்காம், திங்கக்கிழமை கோட்டுக்கு வரட்டாம். அதுவரைக்கும் தாராவ வட்டைக்குள்ள இறக்கக் கூடாதாம். ரெண்டு நாளாக் கூட்டுக்குள்ள கிடந்து கத்துதுகள். சிந்தின நெல்லு இன்னும் ஒரு கிழமைக்குத்தான் கிடக்கும், மறுகா உழுதுபோடுவாங்க. கோட்டில நான் குத்தவாளி எண்டு வந்தா வட்டைக்காரர் ஆரு என்ட தாராவ இறக்க விடுவாங்க? நீங்க என்ட தாராவக் கண்டீங்களா அண்ணன்? அரைச் செட்டையக் கண்டுபோட்டு முழுத் தாராவுக்கு எப்பிடிச் சாதி எழுதினீங்க?"

சொல்லிக்கொண்டே பையைத் திறந்து உயிருள்ள தாரா ஒன்றை எடுத்து என் மேசையில் வைத்தார். தன்னிடம் எப்படிப்பட்ட தாரா இருக்கிறது என்று காட்டத்தான். ஆனால் அது மண்ணிறத் தாரா. எங்களுக்கு ஒரு பிரயோசனமும் இல்லை. அதுவும் அதை உணர்ந்ததுபோல என் பதிவேட்டின் மேல் ஏறி, திரும்பி, பையின் மேல் தாராளமாக எச்சமிட்டது.

புவனம் தாராவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். "பையக் கழுவி வைங்க. மறுகா வந்து எடுக்கிறன்" என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

பையை அலுவலகத்தின் பின்னால் இருக்கும் குழாயடிக்குக் கொண்டுபோனேன். கோபமாகத்தான் இருந்தது, யார் மேல் என்று தெரியவில்லை. விரித்துப் போட்டுத் தேய்த்தபோது கைக்கு அடியில் நீல எழுத்து வந்தது. யூரியா. உன்னிச்சையில் மூட்டை இறக்கிய நாட்களில் வியர்வையில் இந்த நீலம் என் தோளில் ஒட்டிக்கொள்ளும். எத்தனையோ நூறு முறை சுமந்த எழுத்து, ஒருமுறையும் படித்தது இல்லை. இப்போதும் படிக்கவில்லை. 'யூ'வின் மேல் என் கை தட்டையாக இருந்தது. நாலு விரல். மேலிருந்து கீழ்வரை சரியாக நாலு விரல்.

ஈரக் கையோடு உள்ளே ஓடினேன். "ஷிபானா, அந்தப் படத்தைத் திற."

கணினித் திரையில் படத்தைப் பெரிதாக்கினார். சிறகின் பக்கத்தில் இருந்த நீலக் கறை. அதன் வலது பாதியைக் கயிறு மறைத்திருந்தது. பையைத் தூக்கித் திரையின் பக்கத்தில் பிடித்தேன். கறை இல்லை, 'யூ'. அரை எழுத்து. உயரம் மட்டும் முழுதாகத் தெரிந்தது. இரண்டு நாளாக நாங்கள் எல்லோரும் பார்த்த படத்தில் அளவுகோல் உள்ளேயே கிடந்தது. அதை அழுக்கு என்று நினைத்துவிட்டோம். அரைப் பறவைக்குப் பெயர் வைக்க அவசரப்பட்டேன். அரை எழுத்தை எழுத்து என்றே காணவில்லை.

ஒரு காகிதத் துண்டின் ஓரத்தில் எழுத்தின் உயரத்தைக் குறித்து, சிறகின் மேல் நகர்த்தினோம். வெளியே தெரிந்த நீள இறகு இரண்டரை எழுத்து. அடிப்பகுதி இன்னும் சாக்குக்குள். அலுமாரியில் உன்னிச்சைக் கரையில் பொறுக்கிய குள்ளத்தாரா இறகு ஒன்று இருக்கிறது, நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதை எடுத்துப் பையில் இருந்த 'யூ'வின் மேல் வைத்தோம். முழு இறகும் ஒன்றரை எழுத்துத்தான்.

ஷிபானா "நான் அண்டைக்கே கேட்டன்" என்று சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். "சாக்கு மடிஞ்சு எழுத்து சின்னனாத் தெரிஞ்சிருந்தா அங்கிள்?" என்று கேட்டார். மடிப்புகளைப் பார்த்தோம். எழுத்தும் சிறகும் ஒரே மட்டத்தில்தான் இருந்தன. "இந்தச் சாக்கும் அந்தச் சாக்கும் ஒரே அச்சா?" என்று அடுத்த கேள்வி. தெருவில் இருந்த உரக்கடைக்குப் போய் அங்கே கிடந்த வெற்றுச் சாக்குகளில் கையை வைத்துப் பார்த்து வந்தேன். எல்லாவற்றிலும் நாலு விரல். என்னிடம் அந்தக் கேள்விகள் புதன்கிழமை இருந்திருக்க வேண்டும்.

பொறுப்பாளரிடம் போனேன். நல்ல மனிதர், ஆனால் அலுவலகத்தின் பெயரைக் காப்பது அவர் வேலை. கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேனாவை உருட்டினார்.

"நிச்சயம் எண்டு எழுதிக் கொடுத்தத இப்ப இல்லையெண்டா, இவ்வளவு காலமும் நீங்க எழுதினது எல்லாத்தையும் கேள்வி கேப்பாங்க. உங்கட கையில சேட்டிபிக்கட்டும் இல்ல. கண்ண நம்பித்தான் உங்கள வெச்சிரிக்கிறம். ஒண்டு செய்யலாம். 'நிச்சயம்' எண்டத 'அநேகமாக' எண்டு மாத்திக் கொடுங்க. எல்லாருக்கும் சுகம்."

உண்மையைச் சொல்கிறேன், என் கை பேனாவுக்குப் போனது. அந்தச் சொல் மெத்தை மாதிரி. என் பிழையும் அதில் வலிக்காமல் படுத்துக்கொள்ளும், வேலையும் மிஞ்சும். கட்டாரிலிருந்து வந்தபிறகு நான் ஓர் இடத்தில் நிலைத்து இருந்தது இங்கேதான். அப்போது எனக்குக் காக்காவின் முகம் வரவில்லை, தத்துவம் ஒன்றும் வரவில்லை. கூட்டுக்குள் கிடந்து கத்தும் தாராக்கள்தான் வந்தன.

"சேர், நான் அநேகமாக எண்டு எழுதினா அவ கோட்டுக்கு அநேகமாகப் போவாவா, நிச்சயமாப் போவாவா?"

அவர் பேனா நின்றது. "நிச்சயமாத்தான்" என்றார்.

"அப்ப அந்தச் சொல்லு வேணாம் சேர்."

அவர் அலுவலக முத்திரையை என் பக்கம் தள்ளிவிட்டார்.

கழுவிய பை காயவில்லை. ஈரத்தோடு மடித்துக்கொண்டு, படத்தையும் இறகையும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். அதிகாரி என் புதிய கடிதத்தைப் படித்தார். "குள்ளத்தாரா அல்ல. அளவு பொருந்தவில்லை. முன்பு நிச்சயம் என்று எழுதியது என் பிழை." அதில் ஓர் எழுத்துப் பிழையும் இருந்தது, ஷிபானாவிடம் காட்டாமல் நானே எழுதியது.

"அப்ப இது என்ன பறவை அண்ணன்? வளர்ப்புத் தாராவா?"

"இருக்கலாம். அவ சொல்றது அளவுக்குப் பொருந்துது. ஆனா படத்த மட்டும் வெச்சு இதுதான் எண்டு சொல்ல முடியாது."

"புதன்கிழமை நிச்சயம், வெள்ளிக்கிழமை சொல்ல முடியாதா? இடையில என்ன, பரீட்சை எழுதி பெயிலாகிட்டீங்களா?"

"ஓம்" என்றேன். "ஒரு தாரா பேப்பர் திருத்தினது."

பையை அவர் மேசையில் விரித்தேன். படத்தை அதன் மேல் வைத்தேன். இறகை 'யூ'வின் மேல் வைத்தேன். அவரும் தன் கையை வைத்துப் பார்த்தார். திரும்பவும் வைத்துப் பார்த்தார். பிறகு கையை முகர்ந்துவிட்டு, "இது என்ன மணம்?" என்றார். அதைப் பற்றி மட்டும் நிச்சயமாகச் சொன்னேன்.

மனிதர் நேர்மையானவர். தொலைபேசியை எடுத்துத் தேற்றாத்தீவுக்கு எனக்கு முன்னாலேயே பேசினார். "தாராவ இறக்குங்க தங்கச்சி. திங்கக்கிழமை வரத் தேவையில்ல." மறுபக்கத்தில் புவனம் என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. அவருக்குப் பின்னால் தாராக்கள் கத்தியது மட்டும் மேசைக்கு இந்தப் பக்கமும் கேட்டது.

முகப்புத்தகப் படம் அதற்குப் பிறகும் பல நாள் ஓடியது. ஷிபானா போட்ட திருத்தத்தை எங்கள் அலுவலக ஆட்கள் மட்டும் பகிர்ந்தோம். எனக்கும் இலேசாக முடியவில்லை. ஒரு வருடம் என் படிவம் ஒவ்வொன்றிலும் இன்னொருவர் கையெழுத்து வைக்க வேண்டியிருந்தது. பெரும்பாலும் ஷிபானாதான் வைப்பார், வைக்குமுன் "பக்கத்துல என்ன இரிக்கு அங்கிள்?" என்று ஒவ்வொரு முறையும் கேட்பார். கடுப்பாக இருக்கும். அந்த வருடத்தில் நான் கோடிட்ட 'சொல்ல முடியாது'கள், அதற்கு முன்பு கோடிட்டவை எல்லாவற்றையும்விட அதிகம். வானம் இடிந்து விழவில்லை. இரண்டு கையெழுத்து இப்போது எல்லோருக்கும் விதி. ஏன் இந்தத் தொல்லை என்று நீங்கள் அலுத்துக்கொண்டதை நான் கேட்டேன். காரணம் நான்தான்.

அடுத்த கிழமை புவனம் பைக்கு வந்தார். உள்ளும் புறமும் திருப்பிப் பார்த்தார்.

"மூலையில இன்னும் இரிக்கு."

வாங்கித் திரும்பவும் கழுவினேன். அந்தப் பையை அலுவலகத்துக்குத் தரச் சொல்லிக் கேட்டேன். நினைவுக்கு இல்லை, வேலைக்கு. இனி வரும் படங்களில் உரச் சாக்கு இருந்தால் அளக்கலாமே.

"அப்ப நான் அரிசி எதில வாங்குற?" என்றார்.

ஆகவே பையின் மேல் காகிதத்தை வைத்து 'யூ'வை அதே அளவில் எடுத்து, நீலம் தீட்டிச் சுவரில் ஒட்டினேன். அடியில் 'நாலு' என்று எழுதினேன். புவனம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நாலு என்ன?"

"நாலு விரல். அதை வெச்சுத்தான் உங்கட தாராவ அளந்த."

அவர் சுவரின் பக்கத்தில் போய்த் தன் கையை எழுத்தின் மேல் வைத்தார். மெலிந்த கை. நாலு விரலும் வைத்த பிறகு எழுத்து மிஞ்சியது. மற்றக் கையிலிருந்து ஒரு விரலைச் சேர்த்து வைத்தார். சரியாக வந்தது.

"என்ட விரலுக்கு அஞ்சு" என்றார். "அதையும் எழுதுங்க அண்ணன். மறுகா ஒரு பொம்பிள வந்து இந்தக் கதிரையில இரிந்தா, உங்கட கைய எங்க தேடுற?"

பென்சிலை எடுத்து எழுதினேன்.